யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது





2025ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் திகதி வெள்ளிக்கிழமை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். லண்டனில் 30 பாகையைத் தாண்டிய வெயில். அன்று எனக்கு வேலை இல்லை. பின்னேரம் மின்விசிறிக்கு முன்னால் இருந்தபோது நமது வாலிபர் வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. தீராத நோயால் சாகப்போகிறவர்கள், தாங்களே கேட்டுக்கொண்டால், உயிரை முடித்துக்கொள்ள மருத்துவ உதவி பெறலாம் என்ற சட்டமூலம் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபையில் நிறைவேறிவிட்டது. ஆதரவு 314, எதிர்ப்பு 291. பிறகு அது பிரபுக்கள் சபைக்குப் போனது.

அரை மணித்தியாலத்துக்குள் 60 செய்திகள். ஒரு தம்பி, உயிரைக் கொடுத்தவர்தான் எடுக்க வேண்டும் என்று எழுதினார். இன்னொருவர், கடைசிக் கட்டப் புற்றுநோயில் தன் மாமா பட்ட பாட்டைக் கண்டிருந்தால் நீ அப்படி எழுதமாட்டாய் என்று பதில் போட்டார். பிறகு யாரோ, "அக்கா, நீங்கள் நேர்ஸ்தானே, என்ன நினைக்கிறீங்கள்?" என்று கேட்டீர்கள். நான் எழுதினேன், அழித்தேன், திரும்பவும் எழுதினேன். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை கதைப்போம் என்று தப்பிவிட்டேன்.

ஞாயிறு வாலிபர் கூட்டத்தில் சில வசனங்களைச் சொல்லி விஷயத்தை முடிக்கப் பார்த்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு தங்கச்சி கை உயர்த்தினாள். "அக்கா, எங்கட அம்மம்மா ஒவ்வொரு நாளும் 'ஆண்டவர் என்னை எடுத்தால் நல்லம்' எண்டு சொல்லுறா. அது பாவமா?"

அதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. நேரமாகிவிட்டது என்று ஜெபித்து முடித்தோம். இந்தக் கட்டுரை அவளுக்கான பதில்.

முதலில் சில விஷயங்களைப் பிரித்துப் பார்ப்போம். அன்றைய வட்ஸ்அப் சண்டையில் மூன்று வேறு காரியங்கள் ஒன்றாகக் கலந்திருந்தன.

ஒன்று, சிகிச்சை வேண்டாம் என்று சொல்வது. இன்னொரு சுற்றுக் கீமோ வேண்டாம் என்றோ, இருதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி எழுப்ப வேண்டாம் என்றோ ஒரு நோயாளி தீர்மானிக்கலாம். இது இந்த நாட்டில் ஏற்கெனவே உள்ள உரிமை. அது தற்கொலை அல்ல. உடல் முடிவுக்கு வந்துவிட்டது என்பதை ஏற்றுக்கொள்வது.

இரண்டாவது, மோர்ஃபின் போன்ற நோவு மருந்து. நம்முடைய வீடுகளில் இதற்கு இருக்கும் பயத்தை நான் நன்றாக அறிவேன். "அதைப் போட்டால் ஆள் முடிஞ்சுது" என்று சொல்லி, நோவில் துடிக்கும் தகப்பனுக்கு மருந்து கொடுக்க விடாத பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். நோவுக்கு ஏற்ற அளவில் கவனமாகக் கொடுக்கும் மோர்ஃபின் ஆளைக் கொல்வதில்லை. சாவு கிட்ட வந்தபின் அது தொடங்கப்படுவதால், அதுதான் சாவைக் கொண்டுவந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

மூன்றாவதுதான் இந்தச் சட்டமூலம். 18 வயதுக்கு மேற்பட்ட, ஆறு மாதத்துக்குள் இறக்கக்கூடும் என்று கணிக்கப்பட்ட, மனத்தெளிவுள்ள ஒருவர் கேட்க வேண்டும். இரண்டு வைத்தியர்கள் பார்க்க வேண்டும். பிறகு ஒரு சட்டத்துறையாளர், ஒரு மனநல வைத்தியர், ஒரு சமூகப் பணியாளர் அடங்கிய குழு அனுமதிக்க வேண்டும். மருந்தை அவரே உட்கொள்ள வேண்டும். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும் உரியது. வைத்தியரோ தாதியோ விருப்பமில்லாமல் இதில் பங்கெடுக்கத் தேவையில்லை.

எனக்கு இந்தச் சட்டத்தில் சம்மதமில்லை. ஏன் என்று சொல்வதற்கு இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் என் நோயாளி. அவரை யாரும் அடையாளம் காணாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். மற்றவர் என் அம்மம்மா.

நான் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் தாதி. காயத்துக்குக் கட்டுப் போடுவது, இன்சுலின் போடுவது, கடைசி நாட்களில் இருப்பவர்களுக்குச் சிரிஞ் டிரைவர் வைப்பது என் வேலை. சிரிஞ் டிரைவர் என்பது நோவு மருந்தை 24 மணித்தியாலமும் சொட்டுச் சொட்டாகத் தோலுக்கடியில் செலுத்தும் ஒரு சின்ன இயந்திரம். அதை ஒவ்வொரு நாளும் போய் நிரப்ப வேண்டும்.

அப்படிப் போன ஒரு வீட்டில் 80 வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரர். நுரையீரலில் புற்றுநோய். மனைவி இறந்து பல வருடம். ஒரு நாள் நான் மருந்து நிரப்பும்போது என் கையைப் பார்த்துக்கொண்டே, அதில் கொஞ்சம் கூட விட்டு என்னை அனுப்பிவிட ஏலாதா பிள்ளை என்று கேட்டார். எனக்கு உடம்பு விறைத்துவிட்டது. "அது என்னால் செய்ய ஏலாது" என்றேன். கோப்பில் குறித்துக்கொண்டேன். அலுவலகத்துக்கு அறிவித்தேன். விதிப்படி எல்லாம் சரியாகச் செய்தேன்.

எங்கள் குழுவின் மூத்த தாதி ஒருத்தி, கோயிலுக்கோ சேர்ச்சுக்கோ போகாதவள், என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அவர் கேட்டதற்கு நீ பதில் சொன்னாய். நீ அவரிடம் என்ன கேட்டாய்?"

நான் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த நாள் கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தேன். "நேற்று நீங்கள் சொன்னதை யோசித்துக்கொண்டே இருந்தேன். எல்லாவற்றிலும் எது உங்களுக்குப் பெரிய கஷ்டம்?" என்று கேட்டேன். நோவு என்று சொல்வார் என நினைத்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு தன் மகளைப் பற்றிச் சொன்னார். மகள் வேலை முடித்து இரண்டு மணித்தியாலம் கார் ஓடி வந்து, தன்னைக் கழுவித் துடைத்துவிட்டு, திரும்ப இரண்டு மணித்தியாலம் ஓடிப் போகிறாள். தான் பெற்ற பிள்ளை தன் மலத்தைத் துடைப்பதைத் தாங்க முடியவில்லை. அவள் தூக்கத்தில் கார் ஓட்டி எங்காவது மோதிவிடுவாள் என்று ஒவ்வொரு இரவும் பயம். அவ்வளவுதான் அவர் சொன்னது.

அதற்குச் செய்ய வழி இருந்தது. பராமரிப்பாளர்கள் காலையும் மாலையும் வந்து கழுவ ஒழுங்கு செய்தோம். இரவில் பக்கத்தில் இருக்க ஒருவர் வந்தார். மகள் கழுவுவதற்காக வராமல், அப்பாவுடன் இருந்து தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்க்க வந்தாள். மூன்று கிழமைக்குப் பிறகு அவர் இறந்தார். அந்த மூன்று கிழமையில் அவர் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. எங்களால் அடக்கவே முடியாத நோவையும் நான் கண்டிருக்கிறேன். அப்படி ஒரு பெண்மணியின் வீட்டிலிருந்து வெளியே வந்து காருக்குள் இருந்து அழுதிருக்கிறேன். அவர் இந்தச் சட்டத்தை வரவேற்றிருப்பார். அவருக்கு முன்னால் நின்று வசனம் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. ஆகவே, உங்களில் அந்த மாமாவைப் பற்றி எழுதிய தம்பியே, உங்களை விசுவாசமில்லாதவர் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் என் வேலையில் நோவைவிட அதிகமாக நான் கேட்கும் வார்த்தை "மன்னித்துக்கொள்ளுங்கள்". உங்களைக் கூப்பிட்டதற்கு மன்னியுங்கள். படுக்கையை நனைத்ததற்கு மன்னியுங்கள். இன்னும் உயிரோடு இருப்பதற்கே மன்னிப்புக் கேட்பதுபோல இருக்கும். அப்படிப்பட்டவர்கள் முன்னால் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்தால், "போகலாம்" என்பது அவர்களுடைய காதில் "போகத்தானே வேண்டும்" என்று விழும். அதுதான் என் பயம்.

நம்முடைய ஆட்களைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்பது நமது பெரியவர்களின் வாயிலிருந்து ஜெபம்போல வருகிறது. என் அம்மம்மாவும் அதைத்தான் சொன்னா.

2021இல் அம்மம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டா. சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபின் வாக்கர் பிடித்து நாலடி நடப்பா, அவ்வளவுதான். "நான் உங்களுக்குப் பாரமாப் போட்டன் பிள்ளை. ஆண்டவர் ஏன் இன்னும் என்னை வச்சிருக்கிறாரோ தெரியேல்லை" என்பா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விசர்க்கதை கதையாதேங்கோ அம்மம்மா." சொல்லிக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்விடுவேன். நோயாளியிடம் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கத் தெரிந்த எனக்கு என் வீட்டில் அது தெரியவில்லை.

அம்மம்மா சொன்னது விசர்க்கதையும் அல்ல. எங்கள் வீட்டில் அவ பாரமாகத்தான் நடத்தப்பட்டா. சனிக்கிழமை கலியாண வீட்டுக்குப் போவதென்றால் யார் அம்மம்மாவோடு நிற்பது என்று சமையலறையில் குசுகுசுப்போம். பெரியம்மாவோடு ரெலிபோனில் "ஹோம்" பற்றிக் கதைக்கும்போது அந்தச் சொல்லை மட்டும் மெதுவாகச் சொல்லுவோம். அம்மம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த ஒரு சொல் தெரியும்.

ஒரு நாள் இரவு அவவுக்குக் கால் வீங்கி நித்திரை வரவில்லை. நான் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். அப்போது 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவைப் பற்றிச் சொன்னா. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் போன இரவு. மழை. எனக்கு ஆறு வயது, காய்ச்சல் வேறு. சனம் நெருக்கியடித்து, நாவற்குழிப் பாலத்துக்கு வரும் வழியில் மணித்தியாலக்கணக்காக நின்றது. அம்மா வயிற்றில் என் தம்பியோடு நடந்தா. அம்மம்மா ஒரு கையில் உடுப்புப் பை, மறு இடுப்பில் நான். ஒரு கட்டத்துக்கு மேல் ஏலவில்லையாம். எதையாவது இறக்கி வைத்தால்தான் நடக்கலாம் என்ற நிலை. "அதுக்குள்ளதான் என்ர தாலிக்கொடிப் பெட்டியும் இருந்தது. மறந்துபோய்ப் பையை விட்டிட்டன்" என்று சிரித்தா.

அந்த இரவில் நான் அவவுக்குப் பாரம். உண்மையான, கிலோக் கணக்கான பாரம். அதற்காக நான் ஒருபோதும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று யாரும் நினைக்கவும் இல்லை.

அந்தக் கிழமை எண்ணாகமம் 11ஆம் அதிகாரம் என் வேத வாசிப்பில் வந்தது. பலமுறை வாசித்த பகுதிதான். ஜனங்கள் இறைச்சி கேட்டு அழுகிறார்கள். மோசே சலித்துப்போய்க் கர்த்தரிடம் முறையிடுகிறான். இந்த ஜனங்களை நானா பெற்றேன், பால்குடிப் பிள்ளையைச் சுமப்பதுபோல இவர்களை நான் ஏன் மார்பில் சுமக்க வேண்டும் என்கிறான். தனியே சுமக்க முடியவில்லை, இப்படித்தான் என்றால் என்னைக் கொன்றுபோடும் என்று கேட்கிறான்.

கர்த்தர் மோசேயைக் கடிந்துகொள்ளவில்லை. அவன் கேட்டபடி அவனைக் கொல்லவும் இல்லை. 70 மூப்பர்களைக் கூட்டி வரச் சொல்கிறார். நீ ஒருவனாய்ச் சுமக்காதபடி அவர்கள் உன்னோடு பாரத்தைச் சுமப்பார்கள் என்கிறார். மோசே சாவைக் கேட்டான். கர்த்தர் அந்தக் கேள்விக்குள் இருந்த "தனியே" என்ற சொல்லைக் கேட்டார்.

எலியாவும் சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாவைக் கேட்டான். அவனுக்கு முதலில் கிடைத்தது நித்திரை, பிறகு சுட்ட அடையும் தண்ணீரும், ஒரு தூதனுடைய தொடுதலும். தாதியாக நான் அதை வாசிக்கும்போது, இது எங்கள் வேலைதானே என்று நினைப்பேன்.

அதனால், தங்கச்சி, உன் அம்மம்மா சொல்வது பாவமில்லை. ஆனால் அவ எந்த மாதிரிச் சொல்கிறா என்று கவனித்துக் கேள். லூக்கா 2ஆம் அதிகாரத்தில் சிமியோன் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி, இனி நான் சமாதானத்தோடு போகலாம் என்கிறார். அது நிறைவில் வரும் வார்த்தை. மோசே சொன்னது களைப்பில் வந்தது. உன் அம்மம்மா சிமியோன் மாதிரிச் சொன்னால், கையைப் பிடித்துக்கொண்டு ஆமென் சொல்லு. மோசே மாதிரிச் சொன்னால், 70 பேரைத் தேடு.

"யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது" என்பதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, உங்களில் ஒருவருக்கும் பாரமாயிராதபடி இரவும் பகலும் வேலை செய்தோம் என்ற பொருளில் பவுல் சொல்கிறார். அது கைகால் சுகமாய் இருந்தவர் தன் உழைப்பைப் பற்றிச் சொன்னது. அதே பவுல் கலாத்தியர் 6ஆம் அதிகாரத்தில், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பதுதான் கிறிஸ்துவின் பிரமாணத்தை நிறைவேற்றும் வழி என்கிறார். நம்மில் ஒவ்வொருவரும் பாரமாக இருக்கவே மாட்டேன் என்று பிடிவாதமாய் நின்றால் அந்தப் பிரமாணத்தை யாரிடம் நிறைவேற்றுவது? சுமக்கப்பட ஒருவர் சம்மதிக்க வேண்டும். பேதுருவிடமும் ஆண்டவர், நீ முதிர்வயதாகும்போது கைகளை நீட்டுவாய், வேறொருவன் உன் அரையைக் கட்டுவான் என்ற கருத்தில்தான் பேசினார்.

இந்த நாட்டில் இதைச் செய்து காட்டிய ஒரு பெண்ணைப் பற்றியும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். சிசிலி சாண்டர்ஸ் யுத்த காலத்தில் தாதியாகப் படித்தவர். முதுகுவலியால் அந்த வேலையை விட்டு, ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளரானார். 1948இல் டேவிட் டாஸ்மா என்ற நோயாளி லண்டனில் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். வார்சோவிலிருந்து வந்த யூதர். குடும்பம் இல்லை. நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர். சிசிலி அவருக்குப் பக்கத்தில் இருந்து கதைத்தார். இறக்கும்போது அவர் 500 பவுண் விட்டுச் சென்றார். நீ கட்டப்போகும் வீட்டில் நான் ஒரு யன்னலாக இருப்பேன் என்ற கருத்தில் சொன்னாராம். சிசிலி அதற்குப் பிறகு மருத்துவம் படித்து 1957இல் வைத்தியரானார். 1967இல் தென்கிழக்கு லண்டன் சிடன்ஹாமில் சென் கிறிஸ்தோபர்ஸ் ஹொஸ்பிஸைத் திறந்தார். நோவு என்பது உடலில் மட்டும் இல்லை, மனதிலும் உறவிலும் ஆவியிலும் இருக்கிறது என்று வைத்தியர்களுக்குக் கற்பித்தவர் அவர். ஆண்டவரை நம்பி இதைச் செய்தார். உயிரை முடித்துவைக்கும் சட்டங்களை எதிர்த்தார். எதிர்த்ததோடு நிற்காமல் ஒரு கட்டிலும் போட்டுக் கொடுத்தார். 2005இல் அதே ஹொஸ்பிஸில் இறந்தார்.

நம் சபைக்கும் இதே கேள்விதான். சட்டத்துக்கு எதிராக நமது பாராளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதலாம். நான் எழுதினேன். ஆனால் நம் சபையில் வீட்டை விட்டு வெளியே வர ஏலாத பெரியவர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதை எடுத்துப் பார்த்தேன். எட்டு மாதமாக நம்மில் ஒருவரும் எட்டிப் பாராத வீடுகள் அதில் உண்டு. உயிர் புனிதமானது என்று நாம் சொல்வது அந்த வீடுகளில் எப்படிக் கேட்கும்?

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்.

அம்மம்மா, அப்பப்பா சாவைப் பற்றிக் கதைத்தால் வாயை அடைக்காதேங்கோ. "எது உங்களுக்குக் கஷ்டமாய் இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கோ. ஒவ்வொரு நாளும் களைப்போடு அதையே சொன்னால், சாப்பாடும் நித்திரையும் குறைந்தால், ஜி.பி.யிடம் சொல்லுங்கோ. அது மனச்சோர்வாக இருக்கலாம், வெளியே சொல்லாத நோவாக இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து உண்டு.

வைத்தியரிடம் போகும்போது உங்களை மொழிபெயர்க்கச் சொல்வார்கள். நோயின் பெயரை மறைத்து மொழிபெயர்க்கச் சொல்லியும் வீட்டில் நெருக்குவார்கள். அந்தச் சுமை 16 வயதுப் பிள்ளைக்கு உரியதல்ல. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கோ. என்.எச்.எஸ். அதற்கு உங்களிடம் காசு வாங்காது.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணித்தியாலம், அந்தப் பட்டியலில் உள்ள ஒரு வீட்டில் போய் இருங்கோ. ஒன்றும் செய்யத் தேவையில்லை. அந்த நேரத்தில் பராமரிக்கிறவர் கடைக்குப் போய் வரலாம், அல்லது கொஞ்சம் நித்திரை கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் மாறியது. நான் வேலை நேரத்தைக் குறைத்தேன். மச்சாள்மாரும் பெரியம்மாவும் நாள் பிரித்துக்கொண்டோம். அதற்கு முன் அம்மம்மாவுக்கு முன்னால் இருந்து, குசுகுசுத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "எனக்குத் தெரியும் பிள்ளை" என்று மட்டும் சொன்னா. நம் வாலிபர் குழுவிலிருந்து ஒரு தம்பி வியாழக்கிழமைகளில் வந்து சங்கீதம் வாசித்தான். அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஒரு சங்கீதம் முடிய அரை மணித்தியாலம் எடுக்கும். அம்மம்மா கண்ணை மூடிக்கொண்டே பிழை திருத்துவா. "ற அப்பன், ர இல்லை. திரும்ப வாசி." அவன் இப்போது ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறான். யார் என்று உங்களுக்குத் தெரியும்.

2023 மாசி மாதம் அம்மம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தா. கடைசிக் கிழமைகளிலும் "ஆண்டவர் கூப்பிட்டால் போவன்" என்று சொன்னா. ஆனால் "பாரம்" என்ற சொல்லை நான் திரும்பக் கேட்கவில்லை. கடைசி இரவில் அவவைப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்கத் தூக்கினேன். என்னை இடுப்பில் சுமந்தவ, ஒரு சின்னப் பிள்ளையின் எடைதான் இருந்தா.

ஜெபிப்போம்: ஆண்டவரே, எங்கள் பாரங்களைச் சுமந்தவரே, எங்கள் வீடுகளில் தனியே சுமக்கிறவர்களையும், தாங்கள் சுமையாகிவிட்டோம் என்று கலங்குகிறவர்களையும் எங்களுக்குக் காட்டும். கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருக்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். நாங்கள் முதிர்வயதாகும்போது கையை நீட்டவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.